மகாகனம் சீனிவாச சாஸ்திரியார்

சென்ற சுதந்திர தினத்தன்று நம் குடியிருப்பின் மைதானத்தில் கொடியேற்றம் முடிந்து, பிள்ளைகளுக்கு மிட்டாய் வழங்கப்பெற்றுக் கூட்டம் கலைந்த பின்னர், பெரியவர்கள் சிலர் மரநிழலில் நின்று உரையாடிக்கொண்டிருந்தோம். பேச்சு எவ்வாறோ அரசியலின் பக்கம் திரும்பிற்று. அரசாங்கத்தைக் குறை கூறுவோர் நாட்டுப்பற்று இல்லாதவர் என்று ஒருவர் சொன்னார். அரசாங்கத்தைப் புகழ்வோர் யாவரும் கூலிக்குப் பாடுவோர் என்று மற்றொருவர் அதற்கு எதிர்வாதம் செய்தார். கேட்டுக்கொண்டு நின்ற கல்லூரி மாணவர் ஒருவர், அப்படியானால் நாட்டுப்பற்று உள்ளவன் என்னதான் செய்வது என்று வினவினார். இருவரும் பதில் கூறவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தபடியால் நாங்களும் வீடு திரும்பினோம்.

அந்த மாணவரின் கேள்வி என்னை விடவில்லை. அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே அதன் தவற்றை எடுத்துரைத்தவரும், அதே ஆண்டில் தம் நாட்டு மக்களின் முகத்துக்கு நேரே அவர்கள் செல்லும் வழி பிழை என்று கூறியவரும், அதனால் இரு திறத்தாரின் ஏச்சையும் பெற்றவரும் ஆன ஒரு தமிழர் நாம் வாழும் இந்தப் பூனா நகரில், இன்று புணே என வழங்கும் இவ்வூரில், பல்லாண்டுகள் வாழ்ந்தார். அவரைப்பற்றி நம் மலரில் எழுதுவது பொருத்தமாகும் என்று தோன்றிற்று. மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் என்று நம் பாட்டனார் தலைமுறை அவரைப் போற்றிற்று. இன்றைய பிள்ளைகளுக்கு அப்பெயர் தெரியாதிருப்பதில் வியப்பில்லை. அவர் சிறை சென்றவரல்லர்; அவருக்குக் கொடி பிடித்த கட்சியும் இன்று இல்லை.

அன்றைய தஞ்சை மாவட்டத்தில் கும்பகோணத்துக்கு அண்மையிலுள்ள வலங்கைமானில் 1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் அவர் பிறந்தார். வைதிகக் குடும்பம், வறுமை மிக்க குடும்பம். கும்பகோணத்தில் பள்ளியில் பயின்று, ஆங்கிலத்திலும் வடமொழியிலும் சிறந்து விளங்கிப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அவ்வாறு பட்டம் பெற்ற இளைஞர்களுக்கு முன்னே இரண்டு வாயில்கள் திறந்திருந்தன: ஒன்று வக்கீல் தொழில், மற்றொன்று சர்க்கார் உத்தியோகம். இரண்டிலும் செல்வம் உண்டு. சாஸ்திரியார் இரண்டினுள்ளும் நுழையாமல் பள்ளி ஆசிரியரானார். மாயவரத்திலும் சேலத்திலும் பணியாற்றியபின் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக அமர்ந்தார். அவருடைய ஆங்கில உச்சரிப்பைக் கேட்பதற்கென்றே பிற வகுப்பு மாணவரும் சன்னலோரம் நிற்பர் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது மிகையாகவும் இருக்கலாம்.

ஆனால் திருவல்லிக்கேணி வாழ்க்கையில் நான் முதன்மையாகக் கருதுவது அவருடைய உச்சரிப்பையன்று. ஆசிரியர்கள் தம் தொழிலின் கௌரவத்தைத் தாமே காத்துக்கொள்ளுதல் வேண்டும் என்று சென்னை ஆசிரியர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவர் ஒருவர். 1904-ஆம் ஆண்டு திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோதும் அதனைத் தொடங்கிய நண்பர் குழுவில் அவர் இருந்தார். சென்னையிலிருந்து இங்கு வந்து குடியேறிய நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு டி. யு. சி. எஸ். என்றால் விளக்கம் வேண்டுவதில்லை. அரிசியும் பருப்பும் சரியான நிறையில், சரியான விலையில் கிடைக்க வேண்டும் என்பதற்காக நடுத்தரக் குடும்பத்தார் சிலர் கூடித் தொடங்கிய கடை அது. நாட்டுப்பற்று என்றதும் நாம் போர்க்களத்தையும் சிறைச்சாலையையும் நினைக்கிறோம். மளிகைக் கடையில் எடைக்கல் பொய்யாதிருக்க வேண்டும் என்று நான்கு பேர் கூடித் தீர்மானம் எழுதி, அதில் கையெழுத்திட்டு, மாதந்தோறும் கணக்குப் பார்ப்பதும் ஒரு குடிமகனின் செயலே அல்லவா? நம் சங்கத்தின் கணக்கர் இவ்வரியைப் படிக்கும்போது புன்முறுவல் கொள்வார் என்று நம்புகிறேன்.

இங்ஙனம் பள்ளிக்கூடத்தில் வாழ்வு அமைதியாகச் சென்றுகொண்டிருந்த காலத்தில்தான் பூனாவிலிருந்து ஓர் அழைப்பு அவர் காதில் விழுந்தது. கோபால கிருஷ்ண கோகலே 1905-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் விடியற்காலையில், பெர்குஸன் கல்லூரிக்குப் பின்புறமுள்ள குன்றின்மேல் நின்று இந்திய ஊழியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். முதலில் தாமே விரதம் பூண்டு, பின்னர் மூன்று தோழர்களுக்கு அவ்விரதத்தைச் செய்துவைத்தார். விரதங்கள் ஏழு. நாட்டுக்கே நெஞ்சில் முதலிடம் தருவது, சேவையில் சொந்த நலம் தேடாதிருப்பது, சாதி மத வேற்றுமை பாராமல் இந்தியர் யாவரையும் சகோதரராகக் கொள்வது, சங்கம் தருகின்ற சொற்ப ஊதியத்தில் தாமும் தம் குடும்பமும் திருப்தியுடன் வாழ்வது, தூய வாழ்க்கை நடத்துவது, எவரோடும் சொந்தப் பகை கொள்ளாதிருப்பது, சங்கத்தின் நோக்கத்தை எந்நாளும் காப்பது என்பன அவை. மாலை வேளையில் அக்குன்றின் பக்கம் உலாவச் செல்லும் நம்மவர் பலர். அங்கே நின்று இவ்வேழு விரதங்களை நினைத்துப் பார்த்தால், ஆறாவது விரதமே எல்லாவற்றிலும் கடினம் என்பது விளங்கும்.

சாஸ்திரியார் 1907-இல் அச்சங்கத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு, குடும்பஸ்தர், நல்ல பதவியில் இருந்தவர். காவிரிக்கரையில் பிறந்து, முளா முட்டா நதிகளின் கரைக்கு வந்து சேர்ந்தார். தமக்கு மூன்றே வயது மூத்தவரான கோகலேயை அவர் குருவாக ஏற்றார். நம்மைப்போல் பிழைப்பின் பொருட்டு இங்கு வந்தவரல்லர். பிழைப்பை விட்டுவிட்டு வந்தவர்.

1915 பிப்ரவரியில் கோகலே மறைந்தார். தலைமைப் பொறுப்பு சாஸ்திரியார்மீது விழுந்தது. அதே தருணத்தில் ஓர் இக்கட்டும் உடன் வந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியிருந்த காந்தியடிகள் கோகலேயின் விருப்பத்துக்கிணங்கச் சங்கத்தில் சேர விழைந்தார். உறுப்பினரிடையே கருத்து பிளந்தது. அவருடைய தூய்மையை ஐயுற்றவர் எவரும் இலர்; ஆயினும் அவருடைய வழியும் சங்கத்தின் வழியும் வேறு வேறு என்று பலர் அஞ்சினர். தம்மால் நண்பர்களுக்குள் பிளவு நேரலாகாது என்று காந்தியடிகளே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இருவருக்கும் வயது ஏறத்தாழ ஒன்றே. சாஸ்திரியார் பத்தே நாட்கள் மூத்தவர். அதைக் காரணமாகக் கொண்டோ என்னவோ, காந்தியடிகள் அவரை இறுதிவரை அண்ணன் என்றே பாவித்தார். இந்த அண்ணன் தம்பி உறவு, கொள்கை ஒன்றாயிருந்ததனால் வளர்ந்ததன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். கொள்கை நாளுக்கு நாள் விலகிச் சென்றது. உறவு நாளுக்கு நாள் நெருங்கிற்று.

இனி 1919-ஆம் ஆண்டுக்கு வருவோம். யுத்தகாலத்தில் கையாளப்பட்ட அடக்குமுறை அதிகாரங்களை யுத்தம் முடிந்த பின்னும் நீடிக்கச் செய்ய அரசாங்கம் விரும்பிற்று. நீதிபதி ரௌலட் தலைமையில் அமைந்த குழு அதற்கு ஆலோசனை கூறியிருந்தது. விசாரணையின்றி ஒருவரைச் சிறையில் வைக்கவும், மறைவில் விசாரிக்கவும், அப்பீலுக்கு இடமின்றித் தீர்ப்பளிக்கவும் வழிசெய்யும் மசோதா மத்திய சட்டசபைக்கு வந்தது. விதியின் விளையாட்டைப் பாருங்கள்: அந்த ரௌலட் குழுவில் அங்கம் வகித்தவர்களுள் சென்னை ஐகோர்ட்டு நீதிபதியான குமாரசாமி சாஸ்திரியார் என்ற தமிழரும் ஒருவர். அக்குழுவின் கருத்தைச் சட்டசபையில் தகர்த்தெறிய எழுந்தவர் மற்றொரு சாஸ்திரியார்.

பிப்ரவரி 7-ஆம் நாள் சீனிவாச சாஸ்திரியார் பேசினார். வைஸ்ராய் செம்ஸ்போர்டு பிரபு தலைமை வகித்திருந்தார். பார்வையாளர் பகுதியில் காந்தியடிகள் அமர்ந்திருந்தார். தீய சட்டம் ஒன்று ஏட்டில் ஏறிவிட்டால் அது தீயோர்மீது மட்டும் பாய்ந்து நின்றுவிடாது. அச்சம் பிடித்தாட்டும் வேளைகளில் அரசாங்கங்கள் நிதானம் இழப்பதுண்டு. அப்போது குற்றமற்றவனும் சந்தேகத்துக்கு ஆளாவான். நேர்மையான மனிதர் பொதுவாழ்விலிருந்தே ஒதுங்கிவிடுவர் என்பது அவர் வாதத்தின் சாரம். குரலை உயர்த்தாமலும், கையை ஓங்காமலும் ஓர் ஆசிரியர் வகுப்பில் விளக்குவதுபோல் எச்சரிக்கை செய்தார். வைஸ்ராய் கண்ணிமைக்காமல் அவரையே நோக்கியிருந்தார் என்பதைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் பதிந்துள்ளார். வைஸ்ராயின் மனம் ஒரு கணம் இளகியிருக்கக்கூடும் என்றும் அவருக்குத் தோன்றிற்று. ஆயினும் முடிவு முன்பே செய்யப்பட்டிருந்தது. உத்தியோகச் சார்பற்ற இந்திய உறுப்பினர்கள் எதிர்த்தும், உத்தியோக உறுப்பினரின் பெரும்பான்மையால் மார்ச் மாதம் மசோதா நிறைவேறிற்று.

இவ்விடத்தில்தான் இருவர் வழியும் பிரிந்தன. நியாயமற்ற சட்டத்தை மீறுவதே கடமை என்று காந்தியடிகள் சத்தியாக்கிரக விரதம் எடுத்தார். சட்டத்தை எதிர்த்துப் பேசிய அதே சாஸ்திரியார், சட்டத்தை மீறுவதை ஏற்க மறுத்தார். சட்டத்துக்கு அடங்கும் பழக்கம் ஒருமுறை குலைந்தால், நாளை நம் சொந்த ஆட்சி வரும்போது அதனை யார் திரும்பக் கட்டித் தருவர் என்பது அவரது கவலை. அன்றுவரை அவரைப் புகழ்ந்த பத்திரிகைகள் பழிக்கத் தொடங்கின. மேடைகளில் அவருக்குக் கூச்சல் கிடைத்தது. அரசாங்கத்தின் ஆள் என்றனர், கோழை என்றனர்.

நம் நாட்டு வரலாற்றில் பெருந்திரளான மக்கள் எழுச்சியின்றிச் சுதந்திரம் வந்திருக்காது என்பதே என் எண்ணம். அவ்வகையில் சாஸ்திரியாரின் கணிப்பு முழுமையானதன்று. வைஸ்ராயின் மனச்சான்றில் அவர் வைத்த நம்பிக்கை அளவு கடந்தது. அதற்கு மறுமொழியாக ஜலியன்வாலா பாக்கில் அவ்வாண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் துப்பாக்கி பேசிற்று. ஆனால் கோழை என்ற சொல் அவருக்குப் பொருந்துமா? ஆயிரம் பேர் கைதட்டும் மேடையில் அரசாங்கத்தைச் சாடுவதற்கு வேண்டிய துணிவு ஒருவகை. அந்த ஆயிரம் பேரையே எதிர்நோக்கி நின்று நீங்கள் தவறுகிறீர்கள் என்று சொல்வதற்கு வேண்டிய துணிவு வேறுவகை. இரண்டையும் ஒரே ஆண்டில் காட்டியவர் பலர் இல்லை.

அவர் பேசிவிட்டு ஓய்ந்துவிடவுமில்லை. இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1921-இல் புதிய ராஜாங்க சபை கூடியதும், ஏட்டிலுள்ள அடக்குமுறைச் சட்டங்களை ஆராய ஒரு குழு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் சாஸ்திரியாரே. சட்ட மந்திரியாக இருந்த தேஜ் பகதூர் சாப்ரு அக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். குழுவின் பரிந்துரையின் பேரில் 1922-ஆம் ஆண்டு ரௌலட் சட்டம் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. மக்கள் எழுச்சியால் அது செத்த சட்டமாகி நெடுநாள் ஆகியிருந்தது உண்மைதான். ஆயினும் செத்த பாம்பையும் வழியிலிருந்து எடுத்துப் போடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். பகலில் ஊர்வலம் சென்றவர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இரவில் விளக்கேற்றித் தீர்மானத்தின் வாசகத்தைத் திருத்திக்கொண்டிருந்தவரை மறந்துவிட்டோம்.

அதே 1921-ஆம் ஆண்டில் லண்டன் மாநாட்டிலும், ஜினீவாவில் சர்வதேச சங்கத்திலும், வாஷிங்டன் மாநாட்டிலும் இந்தியாவின் பிரதிநிதியாக அமர்ந்தார். பிரிவி கௌன்சில் உறுப்பினரானதால் மகாகனம் என்ற அடைமொழி பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தின் பிற பகுதிகளில் சட்டப்படி குடியேறி வாழும் இந்தியருக்குக் குடியுரிமை வழங்குவது நியாயம் என்ற தீர்மானத்தை லண்டன் மாநாட்டில் ஏற்கச் செய்தார். தென்னாப்பிரிக்கா மட்டும் இணங்கவில்லை. அத்தீர்மானத்தைக் கையில் ஏந்திக்கொண்டு 1922-இல் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்றார். காந்தியடிகள் எரவாடாச் சிறையில் இருக்கும்போது இவர் அரசாங்கச் செலவில் கப்பலில் உலாவுகிறார் என்று இங்கே பலர் நகையாடினர். பயனே இல்லாமற் போகவில்லை: 1925-இல் ஆஸ்திரேலியா தன் நாட்டில் வாழ்ந்த பிரிட்டிஷ் இந்தியருக்கு வாக்குரிமை அளித்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவோ 1947 வரை மறுத்தே வந்தது. இடையில் 1923-இல் கென்யா விஷயத்தில், மேட்டுநிலங்கள் வெள்ளையருக்கே என்று லண்டன் முடிவு செய்தபோது, அவர் நம்பிக்கை பலமாக அடிபட்டது. அன்றுமுதல் அவர் பேச்சில் கசப்பு ஒரு துளி கலந்தே இருந்தது.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். ஸஸூன் மருத்துவமனை நமக்கெல்லாம் தெரிந்த இடம். நம் குடும்பங்களில் ஒருவராவது அதன் வாயிலில் காத்து நிற்காத வீடு இராது. 1924-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், எரவாடாச் சிறையிலிருந்து காந்தியடிகள் குடல்வால் நோயுடன் அங்கே கொண்டுவரப்பட்டார். நிலைமை அபாயமாக இருந்தது; அன்றிரவே அறுவை செய்தாக வேண்டும் என்று வெள்ளைக்கார மருத்துவரான கர்னல் மாடக் கருதினார். அவர் இக்கட்டை எண்ணிப் பாருங்கள். அறுவையில் ஏதேனும் நேர்ந்தால் சிறையில் வைத்துக் கொன்றுவிட்டனர் என்று நாடே கொந்தளிக்கும். நோயாளியின் நண்பர் எவரேனும் உடனிருந்து, அவர் தம் மனமாரச் சம்மதித்தார் என்று உலகுக்குச் சான்று கூறவேண்டும். பம்பாயிலிருந்த மருத்துவ நண்பர்கள் அந்நேரத்தில் வந்து சேர வழியில்லை. இவ்வூரில் யாரை அழைக்கலாம் என்றபோது காந்தியடிகள் விரும்பிய பெயர்களுள் முதன்மையானது சீனிவாச சாஸ்திரியாருடையது. ஒத்துழையாமை இயக்கத்தை மேடைதோறும் எதிர்த்துப் பேசியவர் அவர்! நாட்டில் அவர் பெயரைச் சொன்னால் காந்தி பக்தர்கள் முகம் சுளித்த காலம் அது.

சாஸ்திரியார் விரைந்து சென்றார். படுக்கையருகில் அமர்ந்து, அறுவைக்குத் தாம் இசைவதையும் மருத்துவர்கள் தம்மிடம் அன்புடன் நடந்துகொள்வதையும் காந்தியடிகள் வெளிப்படுத்தும் அறிக்கையை எழுதினார். காந்தியடிகள் மூக்குக்கண்ணாடியை அணிந்து அதனைப் படித்துப் பார்த்துப் பென்சிலால் கையெழுத்திட்டார், கை நடுங்கிற்று. தனித்திருந்தபோது, நாட்டு மக்களுக்கு ஏதேனும் செய்தி உண்டா என்று சாஸ்திரியார் கேட்டார். தாம் கைதி என்றும், கைதிக்குரிய விதியை மீறிச் செய்தி விடுப்பது முறையன்று என்றும் காந்தியடிகள் மறுத்துவிட்டார். சட்டத்தை மீறியதற்காகச் சிறை சென்றவர், சிறையின் சட்டத்தை மரணத்தின் வாயிலிலும் மீறவில்லை. சட்டத்தை மீறலாகாது என்று வாதாடியவர் எதிரில் அமர்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இருவரும் அக்கணத்தில் என்ன நினைத்தனரோ!

அறுவை நடக்கையில் மின்சார விளக்கு அணைந்துவிட்டது. கைவிளக்கும் உதவாமற்போக, ஹரிகேன் விளக்கொளியில் மருத்துவர் வேலையை முடித்தார். நோயாளி பிழைத்தார். பிப்ரவரி 5-ஆம் நாள் அரசாங்கம் அவரை விடுதலை செய்தது. அம்மருத்துவமனையின் பக்கம் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லிவையுங்கள்.

1926-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கமலா சொற்பொழிவுகளை நிகழ்த்த அவர் அழைக்கப்பட்டார். அஸுதோஷ் முகர்ஜி மறைந்த தம் மகளின் நினைவாக ஏற்படுத்திய சொற்பொழிவு அது. சாஸ்திரியார் எடுத்துக்கொண்ட பொருள் இந்தியக் குடிமகனின் உரிமைகளும் கடமைகளும் என்பது. உரிமை என்பது சமுதாயத்தின் சட்டம் ஏற்பதாகவும், குடிமகனின் ஒழுக்க நன்மைக்குத் துணைசெய்வதாகவும் இருக்கும் ஏற்பாடு என்று அவர் வகுத்த இலக்கணம் இன்றும் அரசியல் பாடநூல்களில் காணப்படுகிறது. நம் அரசியல் சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்தபோது அடிப்படை உரிமைகளைத் தாங்கி வந்தது. கடமைகள் 1976-இல் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. இவர் இரண்டையும் ஒரே தலைப்பில் அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே வைத்துப் பேசியிருக்கிறார். ஆனால் ஒன்று: அடிமை நாட்டில் குடிமகன் என்ற சொல்லையே ஒருவர் துணிந்து தலைப்பாக வைப்பது எளிதன்று. பிரஜை என்றே எல்லாரும் எழுதிய நாட்கள் அவை.

அடுத்த ஆண்டு அவர் செய்தது அவர் வாழ்வின் உச்சி என்று நான் கருதுகிறேன். 1860-ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்களுள் பெருந்தொகையினர் நம் தமிழரும் ஆந்திரரும் ஆவர். அவர்களுடைய வழித்தோன்றல்களை ஒதுக்கிவைக்கவும் திருப்பி அனுப்பவும் தென்னாப்பிரிக்க அரசாங்கம் சட்டம் செய்ய முனைந்தது. 1927 தொடக்கத்தில் இரு அரசாங்கங்களுக்கும் இடையே கேப்டவுன் உடன்படிக்கை ஏற்பட்டு அம்மசோதா கைவிடப்பட்டது. உடன்படிக்கை காகிதத்தோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள இந்தியாவின் ஏஜெண்டு ஒருவர் அங்கே வேண்டும். சாஸ்திரியாரே செல்லவேண்டும் என்று வற்புறுத்தியவர் காந்தியடிகள். உடல்நலம் குன்றிய நிலையிலும் அவர் இசைந்தார்.

வெள்ளையர் மன்றங்களில் பேசினார். அவர்தம் மொழியை அவர்களினும் தூய்மையாகப் பேசுவதைக் கேட்கவே கூட்டம் கூடிற்று. எல்லா இடத்திலும் மலர் கிடைக்கவில்லை. 1928-இல் டிரான்ஸ்வாலில் கிளர்க்ஸ்டார்ப் என்னும் ஊரில் அவர் பேசிய கூட்டத்தை முரடர் கும்பல் ஒன்று புகுந்து குலைத்தது. அவர் பதற்றமின்றி நடந்துகொண்டதனால் அங்குள்ள வெள்ளையர் பலரே வெட்கமுற்றனர். நேட்டாலில் இந்தியச் சிறுவருக்கு உயர்நிலைக் கல்வி பெற முறையான வசதி இல்லாதிருந்தது. பழைய பள்ளி ஆசிரியரின் மனம் இதைப் பொறுக்குமா? இந்திய வணிகரிடமும் பிறரிடமும் வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டி, டர்பனில் உயர்நிலைப் பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் அடங்கிய கட்டடம் எழுப்பச் செய்தார். 1929-இல் திறக்கப்பட்ட அது சாஸ்திரி கல்லூரி என்ற பெயரைத் தாங்கிற்று. கூலி என்று இழிவாக அழைக்கப்பட்டோரின் பேரர்கள் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் ஆவதற்கு அது வாயிலாயிற்று. இடையே 1928-இல் அரசாங்கம் அளிக்க முன்வந்த சர் பட்டத்தை அவர் மறுத்துவிட்டார்.

அவருடைய செயல்கள் யாவும் வெற்றியல்ல. 1936-ஆம் ஆண்டு இறுதியில் மலேயாவுக்குச் சென்று ரப்பர்த் தோட்டத் தொழிலாளரின் நிலையை விசாரித்து அளித்த அறிக்கை அங்குள்ள தமிழருக்கு மனநிறைவு தரவில்லை. மந்தகாலத்தில் குறைக்கப்பட்ட கூலியை மீட்டுத் தரவேண்டும் என்று அவர் சொன்னார். ஆனால் மொத்தத்தில் நிலைமை குறைகூறத்தக்கதன்று என்ற தொனி அதில் இருந்தது. தோட்ட முதலாளிகளின் விருந்தோம்பல் கண்ணை மறைத்ததா, வயது மறைத்ததா, அறியேன்.

நம்மைப் போன்ற தமிழ்ச் சங்கத்தார் அறியவேண்டிய மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 1935 முதல் 1940 வரை அவர் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். அதன் முடிவில், தமிழில் கலைச்சொற்கள் ஆக்குவதற்குச் சென்னை அரசாங்கம் அமைத்த குழுவுக்கு அவரைத் தலைவராக்கினர். வடமொழியில் ஆழ்ந்தவர், ஆங்கிலத்தில் வல்லவர். தமிழ்ப் புலமையாளர் என்று எவரும் அவரைச் சொன்னதில்லை. குழுவின் போக்கு வடமொழிப் பக்கம் சாய்ந்தது என்று தமிழறிஞர்கள் பல ஊர்களில் கூட்டம் கூட்டிக் கண்டித்தனர். பின்னர்த் தமிழ்ப் புலவர் சிலர் குழுவில் சேர்க்கப்பட்டனர். இவ்விஷயத்தில் கண்டித்தவர் பக்கமே நியாயம் இருந்தது என்று கூறுவதில் எனக்குத் தயக்கமில்லை. பேச்சுரிமைக்காக வாதாடியவருக்கு எதிராகவே அவ்வுரிமை பயன்பட்டது. அதனால் தமிழுக்கு நன்மையும் விளைந்தது.

1942 ஆகஸ்டுப் போராட்டத்தையும் அவர் ஆதரிக்கவில்லை. ஆனால் தலைவர்களைச் சிறையிலடைத்த அரசாங்கத்தையும் விட்டுவைக்கவில்லை. காந்தியடிகளை விடுதலை செய்யுமாறு ஓயாமல் எழுதினார். நாட்டைப் பிரிக்கும் எண்ணத்தைக் கடுமையாக எதிர்த்தார். 1944-இல் சென்னை மயிலாப்பூரில் வாரந்தோறும் வால்மீகி ராமாயணத்தைப்பற்றிப் பேசினார். ராமனை மனிதனாகவே கொண்டு, அவன் குணங்களையும் தடுமாற்றங்களையும் அவர் எடுத்துரைத்தபோது கேட்டோர் கண்ணீர் உகுத்தனர். பேசியவரும் இடையிடையே நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

1946 ஜனவரியில் காந்தியடிகள் சென்னைக்கு வந்தார். சாஸ்திரியார் மருத்துவமனையில் படுத்திருந்தார். இம்முறை படுக்கையில் கிடந்தவர் அண்ணன். அருகில் அமர்ந்தவர் தம்பி. வந்தவர் ஒருமுறையோடு நில்லாமல் மீண்டும் வந்து பார்த்தார். ராமாயணத்தைப்பற்றியும் இருவரும் பேசிக்கொண்டனர். ஏப்ரல் 17-ஆம் நாள் சாஸ்திரியார் காலமானார். சுதந்திரம் வருவதற்கு இன்னும் பதினாறு மாதங்கள் இருந்தன.

அவர் மறைந்த பின்னரே பலருக்குத் தெரியவந்த செய்தி ஒன்று உண்டு. காந்தியடிகளின் சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். 1940-இல் மறுபதிப்பு வெளிவருமுன் அதன் ஆங்கிலத்தை வரிவரியாகத் திருத்திக் கொடுத்தவர் சாஸ்திரியார். ரௌலட் மசோதா நாளில் தாம் பேசியதையும், அதன் பின்னர்த் தாம் ஏற்காத சத்தியாக்கிரகம் பிறந்ததையும் விவரிக்கும் அத்தியாயங்களும் அவர் கைக்கு வந்திருத்தல் வேண்டும். தம் பெயரை எக்காரணம் பற்றியும் வெளியிடலாகாது என்று நிபந்தனை விதித்தபின்பே அவ்வேலையை அவர் ஏற்றார். மகாதேவ தேசாய் அவ்வாக்கைக் காப்பாற்றினார். அந்நூலின் முன்னுரையில் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் என்று மட்டுமே இருக்கிறது.